குலானின் கை தூக்கிய காய்

குலானுக்குப் பதினைந்து வயது. ரகசியம் காப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்புகிறவள். அதை எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறாள்.

ஆர்வைகேர் என்ற சிற்றூரில் அவள் வீட்டில் ஷதர்தான் ஆடுவார்கள். அந்தப் பழைய மங்கோலியச் சதுரங்கத்தில் முதல் நகர்த்தலுக்கு யோசனையே கிடையாது. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போகவேண்டும், எதிராளியும் அப்படியே. ஆகவே, ராஜாவின் சிப்பாயில் தொடங்கும் பதினெட்டு நகர்த்தல்களை அவள் குளிர்காலம் முழுக்க உருப்போட்டபோது அண்ணன் தோர்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆரம்பிக்கறதுக்கே ஒரு நோட்டா? அப்ப முடிக்கறதுக்கு லாரி வெச்சு ஏத்தணுமே!"

"இது செஸ்ஸுண்ணா. உனக்குப் புரியாது."

உலான்பாதரில் இளையோர் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. வென்றால் நாட்டு அணியில் இடம். சமன் செய்தால்கூட ஊருக்குப் பஸ். எதிரே தெமூலென், தலைநகரத்துப் பையன். தன் புதிய தொடக்கத்தைப் பற்றிக் குலான் விடுதியில் ஐந்தே ஐந்து தோழிகளிடம்தான் சொல்லியிருந்தாள். அவன் அதற்கான பதிலோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. நான்கு வயதில் பழகிய கை அவளைக் கேட்காமலே ராணியின் சிப்பாயைத் தூக்கிவிட்டது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். காது சிவக்க, அதை இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள். ஒரு குளிர்காலம் போயிற்று.

"ஏய், நீ ராஜா சிப்பாயில்ல ஆடணும்?" தெமூலென் பதறிப்போய் முணுமுணுத்தான்.

"பேச்சு வேண்டாம் தம்பி" என்றார் நடுவர் செவெல்மா.

சாதாரணமாக ஒரு பதில் ஆடியிருந்தால் போதும். அவனோ, இல்லாத பொறியைத் தேடி ஐம்பது நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டான். குலானும் இரண்டாம் நகர்த்தலிலிருந்தே சொந்தமாக யோசிக்க வேண்டியிருந்தது. போட்டி முழுவதிலும் அவள் அதைச் செய்தது அப்போதுதான். ஒரு சிப்பாய் குறைந்து, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற முப்பத்தோராம் நகர்த்தலில் அவனுடைய நேரம் தீர்ந்து ஆட்டம் அவளுக்கு வந்தது.

முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டபடி தெமூலென் கேட்டான்: "உண்மையைச் சொல்லு. அந்த வதந்தியைப் பரப்பினது நீதானே?"

"சத்தியமா கை தவறிப்போச்சு."

"சொல்லப் பிடிக்கலைன்னா விடு. பொய் சொல்லாதே."

அணியில் இடம் கிடைத்த அன்றே, குலானுக்குப் பெரிய தந்திரக்காரி என்ற பெயரும் சேர்ந்து கிடைத்தது. இரண்டு முறை மறுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறை மறுக்கவில்லை.