டப்பாவின் அடியில் நான் வைத்த வசனம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆங்கில வருஷப் பிறப்பு அன்று, மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். என் கணவர் அந்தத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் கல்யாணத்துக்கு முன் கோயமுத்தூரில் டீச்சராக இருந்தவள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தப்பு செய்தது எனக்குள் இருந்த அந்த டீச்சர்தான்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். அப்போது மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய கொள்கை எல்லாம் வைத்துக்கொண்டு ஆரம்பித்ததில்லை. மகளுக்கு மலைப் பாதையில் பஸ் ஏறினால் ஆகாது. நாலு வளைவு திரும்புவதற்குள் வாந்தி எடுத்து, வகுப்புக்குப் போய்ச் சேரும்போது வாடிப்போயிருப்பாள். கொரோனா காலத்தில் ஊரே பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு திண்டாடியபோது, எங்கள் வீட்டில் மட்டும் அவள் முதல்முறையாகக் காலைச் சாப்பாட்டைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நாங்கள் அப்படியே தொடர்ந்துவிட்டோம்.

சொந்தக்காரர்கள் விடுவார்களா? “புள்ளைங்க வாழ்க்கையோட வெளையாடறீங்க” என்று போனில் ஒரு பாட்டு. சர்ச்சில், “பாப்பா இப்ப எத்தனாவது?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கும் பார்வை வேறு. இந்தப் பேச்சையெல்லாம் காதில் வாங்காத மாதிரிதான் இருப்பேன். ஆனால் உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பயத்தில் நான் வீட்டில் எதையும் சும்மா விடுவதில்லை. கிறிஸ்மஸ் குடில் கட்டக் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி பொறுக்கப் போனால், தேயிலைச் செடியைப் பற்றிப் பத்து வரி எழுதியாக வேண்டும். ஸ்டார் ஒட்டினால் கோணம் அளக்க வேண்டும். பண்டிகை வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். என் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு நோட்டு.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். மகள்தான் அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல, “ரெண்டே கால் கப் மாவுக்கு ஒரு கப் சர்க்கரைன்னா, பாதி அளவுக்கு மாவு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு?” என்று ஆரம்பித்தேன்.

அவள் அச்சை அப்படியே தட்டில் வைத்தாள். “ஏனுங்கம்மா, முறுக்கு சுடறப்பவாச்சும் முறுக்கு மட்டும் சுடலாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “இப்படியே பேசிட்டிரு, உருப்பட்ட மாதிரிதான்” என்றேன்.

“அப்ப நா ஸ்கூலுக்கே போறேன். அங்க பெல் அடிச்சா டீச்சர் போயிருவாங்க.”

அதைச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். பஸ்ஸில் வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை, அம்மாவிடம் இருக்க முடியாது என்கிறாளே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்மஸ் வந்தது, போனது. புதுத்துணி, கேக், சர்ச் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் பேச்சு அளந்து அளந்து நடந்தது.

இப்போது அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷப் பிறப்பன்று வாக்குத்தத்த வசனம் எடுப்பது எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். கடவுள் கொடுத்திருக்கிற நல்ல வாக்குகளை வேதத்திலிருந்து சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி வைத்து, ஆளுக்கு ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். கைக்கு வந்த வசனம் அந்த வருஷம் முழுக்க நமக்குத் துணை. கடையில் அச்சடித்தே விற்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் நாங்களே செய்வோம். மகள் நாற்பது அட்டை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் தேயிலைக் கொழுந்து வரைவாள். மகன் வர்ணம் அடிப்பான். வசனம் எழுதுவது நான். எல்லாவற்றையும் இரண்டாக மடித்து, தொழிற்சாலையில் டீத்தூள் சாம்பிள் போட்டு வைக்கிற ஒரு உயரமான தகர டப்பாவில் போடுவோம். எடுக்கிற வசனத்திலெல்லாம் டீ வாசம் அடிக்கும்.

மகள் எப்போதும் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடக்கிற அட்டையைத்தான் எடுப்பாள். ஐந்து வயதில் ஏன் என்று கேட்டதற்கு, “அடியில இருக்கறத யாருமே எடுக்க மாட்டாங்க, பாவம்” என்றாள். அன்றிலிருந்து அதுதான் பழக்கம்.

டிசம்பர் கடைசி நாள் சாயங்காலம் வசனங்களை எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது எழுதி முடித்தேன். நாற்பதாவது அட்டையைக் கையில் எடுத்தபோது அந்த பெல் பேச்சு ஞாபகம் வந்தது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், கடவுளே சொன்னால் கேட்பாள் அல்லவா என்று ஒரு எண்ணம். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனத்தை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். எழுதி, டப்பாவின் அடியில் அதை முதலில் வைத்து, மேலே மற்றதைப் போட்டேன். இதைச் செய்யும்போது எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை சர்ச் முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் உட்கார்ந்தோம். எப்போதும் டப்பாவை நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் நீட்டுவேன். அன்று குலுக்கவில்லை. மகன் விடவில்லை. “அம்மா, நீங்க குலுக்கவே இல்ல” என்றான். “அப்பவே குலுக்கியாச்சு” என்றேன். வருஷத்தின் முதல் நாள், கையில் வசன டப்பா, வாயில் பொய்.

கணவருக்குச் சமாதானத்தைப் பற்றிய வசனம் வந்தது. மகனுக்குப் பயப்படாதே என்று வந்தது. நாய்க்குப் பயப்படுகிறவன், ரொம்பப் பொருத்தம் என்று எல்லோரும் சிரித்தோம். மகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடிவரை கையை விட்டாள். எடுத்தாள், பிரித்தாள், படித்தாள். அவளுடைய அப்பா கேட்டதற்கு அட்டையை நீட்டிக் காட்டிவிட்டு மடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், எனக்கான வசனத்தை நான் எடுக்கவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

அன்றிலிருந்து அவள் தங்கமான பிள்ளையாகிவிட்டாள். எட்டரைக்குக் கூப்பிடாமலே கணக்கு நோட்டோடு வந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். இரண்டு நாள் கழித்துத்தான் வீடு அமைதியாக இருப்பது தெரிந்தது. குளிக்கும்போது பாடுகிறவள் பாடவில்லை. வழக்கமாக, எடுத்த வசனத்தைப் படிக்கிற மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டுவாள். அந்த வருஷம் சுவர் வெறுமையாக இருந்தது. “ஏம்புள்ள, பாப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலையா?” என்று கணவர்கூடக் கேட்டார்.

ஐந்தாம் தேதி அவள் கணக்கு நோட்டைத் திருத்த எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த அட்டை செருகியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு அட்டவணை போட்டிருந்தாள். அட்டவணை போடச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஒரு பக்கம் தேதி, அடுத்த கட்டத்தில் ‘கேட்டேன்’, அதற்கடுத்ததில் ‘கேக்கல’. ஐந்து நாளுக்குக் குறித்திருந்தாள். மீதி மாதங்களுக்கு, டிசம்பர் வரைக்கும், வெறும் கட்டங்கள் பக்கம் பக்கமாக. எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தாள்: ‘இயேசப்பா, அடுத்த வருஷம் எனக்கும் நல்ல வசனம் குடுங்க.’

எனக்கும் என்று எழுதியிருந்தாளே, அந்த வார்த்தையில் நான் உடைந்துபோனேன். அப்பாவுக்கும் தம்பிக்கும் அன்பாகப் பேசிய கடவுள் தன்னை மட்டும் திட்டிவிட்டார் என்று இந்தப் பிள்ளை ஐந்து நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்தவள் பெற்ற தாய்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவகிட்டப் போய்ச் சொல்லு புள்ள” என்றார்.

“சொன்னா இனிமே என்னை நம்புவாளாங்க? அந்த டப்பாவ நம்புவாளா?”

“சொல்லலைன்னா ஆண்டவரையே நம்ப மாட்டா” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மகள் வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரத்தடியில் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததுமே, “கணக்கு தப்புங்களாம்மா?” என்றாள். அந்தக் கேள்வியும் என்னைக் குத்தியது. இல்லை கண்ணு, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து, எழுதியது, அடியில் வைத்தது, குலுக்காதது, தம்பியிடம் பொய் சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, கீழே புல்லைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினாள். பிறகு, “அப்ப இயேசப்பா எம்மேல கோவமா இல்லீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லடா தங்கம். கோவமா இருந்தது நாந்தான்.”

அழுதாள். ஐந்து நாள் அழுகை. நான் தொடப்போனபோது கையைத் தள்ளிவிட்டாள். “எங்கிட்டயே சொல்லியிருக்கலாமில்லீங்கம்மா? அடியிலதான் எடுப்பேன்னு உங்களுக்குத்தான தெரியும்” என்றாள். மன்னிச்சுக்கோ என்று மட்டும் சொன்னேன். ஒரு பிள்ளையிடம் அந்த வார்த்தையை முழுசாகச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டீச்சராக இருந்த காலத்தில்கூடச் சொன்னதில்லை. அன்று ராத்திரி வரை அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, அவளே அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “நீங்க இன்னும் எடுக்கவே இல்ல” என்று என் முன்னால் நீட்டினாள். நீட்டுவதற்கு முன் இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே இருப்பதெல்லாம் மேலும் கீழும் ஆகிற மாதிரி வெகுநேரம் குலுக்கினாள். மகன் கைதட்டி எண்ணினான்.

“நீ ஒண்ணும் அடியில வெக்கலையே?” என்று கேட்டேன், கொஞ்சம் விளையாட்டாக, கொஞ்சம் பயந்துதான்.

“நா அப்படியெல்லாம் பண்ண மாட்டேனுங்கம்மா” என்றாள். அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

எனக்கு வந்தது, உன்னைக் கைவிடுவதில்லை என்கிற வசனம். அதைச் சத்தமாகப் படிக்க முடியாமல் கணவரிடம் கொடுத்தேன். அடுத்து அவள் தனக்காக எடுத்தாள். கண்ணை மூடினாள். கையை அடிவரை விடவில்லை. மேலாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். என்ன நல்ல வசனம் பாருங்கம்மா என்று காட்டினாள், சிரித்தாள், அன்றே சுவரில் ஒட்டினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். மேலே இருந்து எடுத்த அந்தக் கையை நான் மட்டும் பார்த்தேன்.

அந்த வாரமே அவளை உட்காரவைத்து, பள்ளிக்கூடம் போக ஆசையா என்று மனசார இரண்டு தடவை கேட்டேன். போகிறேன் என்றால் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, “இங்கயே படிக்கிறனுங்க. லீவு நாள்ல மட்டும் டீச்சர் வேண்டாம்” என்றாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் பண்டிகை நாளில் நோட்டு திறப்பதில்லை. குடில் கட்டினால் குடில்தான். முறுக்கு சுட்டால் முறுக்கு மட்டும்தான். குருத்தோலை ஞாயிறுக்குச் சர்ச்சில் பிடிக்க, மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து ஓலை வந்தால், அது எந்த மரத்து ஓலை என்று நான் கேட்பதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், கேட்காதபோதுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் ஊரில் ஏன் தென்னை வளராது என்று மகன் ஒரு நாள் முழுக்க என்னை விடவில்லை.

ஆனால் அடுத்த வருஷப் பிறப்புக்கும் அவள் மேலே இருந்துதான் எடுத்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கண் முன்னாலேயே டப்பாவைக் குலுக்கிவிட்டு நீட்டினேன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அவளுக்குப் பதினான்கு. என் உயரம் வந்துவிட்டாள். டப்பாவை நீட்டியபோது, தம்பியோடு ஏதோ வம்பளந்துகொண்டே கண்ணை மூடினாள். கை உள்ளே போனது. டப்பா வாய் இப்போது அவளுக்குச் சின்னது. வளையலைக் கழற்றிவிட்டு, விரலைக் குவித்து, முழங்கை வரைக்கும் விட்டு, அடியில் துழாவி ஒன்றை எடுத்தாள். அவளுக்கே தெரிந்து செய்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. யாரும் கவனிக்கவில்லை. மகன் பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தான்.

பிரியாணி அடிப்பிடிக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அன்று எனக்கு வந்த வசனமும் நல்ல வசனம்தான். ஆனால் டப்பாவின் அடிவரை மறுபடியும் போன அந்தக் கையைத்தான் இந்த வருஷம் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.