யுகேந்திரன் எலும்பும் தே தாரிக்கும்

கிள்ளானில் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தும் தனலெட்சுமிக்கு ஊரில் பெருமையடித்துக்கொள்ள இருந்தது ஒரே ஒரு பொருள்: தம்பி யுகேந்திரன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காப்புறுதி முகவர். எடை குறைய இரைப்பையைச் சுருக்கி, குடலை மாற்றி இணைத்துக்கொண்டவன். அது அக்காளுக்கு மட்டும் தெரியும். பாதி ஆளாக இளைத்தது எப்படி என்று கேட்டவர்களிடம், "காலையில நடை, ராத்திரி கொள்ளு ரசம்" என்றான். டெங்கில் ஊரிலிருந்த சொந்தமெல்லாம் கொள்ளு வாங்கிப் போனது. சனிக்கிழமைகளில் பூங்காவில் ஒரு கூட்டமே அவன் பின்னால் நடந்தது. நடந்து களைத்தவர்கள் அவனிடமே காப்புறுதியும் எடுத்தார்கள்.

இந்தப் புகழுக்கு எதிரி மாத்திரைதான். சாப்பாட்டில் உள்ள சத்து இனி உடம்பில் சரியாகச் சேராது, கால்சியமும் வைட்டமின் டியும் ஆயுள் முழுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனலெட்சுமி வேளைவாரியாகப் பிரித்து, இரும்புச்சத்து மாத்திரை கால்சியத்தோடு சேராமல் தனி டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். நாலு பேர் முன்னால் அவன் அதைத் திறக்கவே மாட்டான்; தனியாக இருக்கும்போது மறந்துபோவான்.

"எலும்புக்குத்தானேக்கா? கடையில ஆத்தி ஊத்துற டீ, தே தாரிக், அதுல பால் இருக்குலா."

"அது பாலாடா? டின்ல அடைச்ச சீனி."

"டின் மேல மாட்டுப் படம் போட்டிருக்கே."

அறிவாளி. மாட்டுப் படத்தை நம்பியே இரண்டு வருடம் ஓட்டினான்.

பிறகு வேலாயுதம் வீட்டுக் கல்யாணம். வேலாயுதம் அவனோடு நடக்கிறவர்களில் மூத்தவர். பந்தியில் சாம்பார் வாளியோடு போன யுகேந்திரன், சிந்திக்கிடந்த மோரில் வழுக்கிக் கையை ஊன்றினான். சின்னப் பிள்ளை விழுந்தால் எழுந்து ஓடியிருக்கும். இவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. எலும்பு ஸ்கேன் பார்த்த டாக்டர், "வயசு நாப்பத்தி ரெண்டு, எலும்பு பாட்டியோடது" என்றார். மாத்திரையை மறுபடி விட்டால் அடுத்து இடுப்பெலும்பு என்றும் சொன்னார்.

மறுநாள், அக்காளும் கூட இருந்த நேரத்தில், பழத்தோடு அவன் வீட்டுக்கு வந்தார் வேலாயுதம்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். உங்களப் பாத்து என் சம்சாரமும் ராத்திரி ரசத்தோட நிறுத்திட்டா. நேத்து மயக்கமா படுத்துட்டா. இன்னும் குறைக்கணுமா?"

தனலெட்சுமி மாத்திரையையும் தண்ணீரையும் நடுமேசையில் வைத்தாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

யுகேந்திரன் தண்ணீரைப் பக்கத்தில் இழுத்தான். மாத்திரையை விழுங்கினான்.

"நடையில இளைக்கல அண்ணே. வயித்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இத முழுங்காம விட்டுத்தான் கை போச்சு."

வேலாயுதம் பழப்பையைக் கீழே வைத்தார். "அவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது?"

"போனைக் குடுங்க. நானே சொல்றேன்." நல்ல கையை நீட்டினான்.

அவன் பேசி முடிக்கும்வரை தனலெட்சுமி பக்கத்தை விட்டு நகரவில்லை. நடுவில் ஆபரேஷனை விட்டுவிட்டுக் கதையைச் சுருக்கப் பார்ப்பான் என்று தெரியும், வளர்த்தவள் அவள்தானே.