பிரிண்டருக்கு வைத்த சந்தனம்

பாரிஸ் நகரத்து லா சப்பலில் என் மகன் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறான். சரஸ்வதி பூசையன்று அவனுடைய பிரிண்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் காலை அவன் ஒரு மரண அறிவித்தலை அடித்தபோது, தமிழுக்குப் பதிலாக வெறும் கிறுக்கல்தான் வந்தது. செத்தவீட்டுக்காரர் பின்னேரம் வாங்க வருவார்கள்.

“உங்கட சந்தனம் உள்ளுக்கை போயிட்டுதம்மா. சரஸ்வதி எழுதின தமிழைப் பாருங்கோ!” என்று மகன் பிரிண்டரைத் திறக்கத் திருப்புளியை எடுத்தான்.

அதிகம் பேசாதவள் நான். ஆனாலும் அன்று விடவில்லை.

“கழட்டாதை. வாங்கின அண்டைக்குக் கடைக்காரன் கம்ப்யூட்டர் இல்லாமலே, பட்டனை அமத்திப் பிடிச்சு அடிச்சுக் காட்டினவனெல்லே? முதல் அதைச் செய்.”

முணுமுணுத்துக்கொண்டே செய்தான். பிரெஞ்சு எழுத்துகள் வரிவரியாகச் சுத்தமாக வந்தன.

“ஓமம்மா, மிசின் நல்லாத்தான் இருக்கு” என்று தலையைச் சொறிந்தான். கம்ப்யூட்டரில் இருந்து பிரிண்டரை இயக்கும் ‘டிரைவர்’ புரோகிராமை அவனும் பூசையன்றுதான் புதிதாக மாற்றியிருந்தான். பழையதைத் திரும்பப் போட்டதும் அறிவித்தல் ஒழுங்காக வந்தது.

இப்போது அச்சு எப்படிப் பிழையாக வந்தாலும், பிரிண்டரை முதலில் தனியே அடிக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் திருப்புளியைக் கொடுக்கிறேன். சந்தனம் இன்னும் வைக்கிறேன். ஆனால் பூசையன்று புதுப் புரோகிராம் போட மகனை விடுவதில்லை.