புளியங்குடியிலிருந்து வராத சிலுவைத் துணுக்கு

என் மகள் லூர்து இரண்டாம் நாளாகத் தலைப்பிரசவ வலியில் துடித்துக்கொண்டு கிடந்தாள். என் வீட்டுக்காரரோ வாசலில் நின்றுகொண்டு புளியங்குடி பஸ் எப்போது வரும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சேசுவுக்குள் பிரியமானவர்களே, என் சாட்சியை இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு எனக்குள் விசுவாசம் பொங்கியது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. எரிச்சல்தான் பொங்கியது.

1958-ம் வருஷம், ஆனி மாதம். தென்காசியில் எங்கள் தெருக் கோவிலுக்கு என் வீட்டுக்காரர்தான் உபதேசியார். சுவாமியார் மாதத்துக்கு இரண்டு தடவை பூசை வைக்க வருவார். மற்ற நாளில் செபம் சொல்வதும் மணி அடிப்பதும் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பதும் இவர் வேலை. கோவிலுக்குச் சொந்தமான அருளிக்கமும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். நம் ஆண்டவர் தொங்கி உயிர்விட்ட சிலுவையின் துணுக்கு அது. அரிசியில் பாதிதான் இருக்கும். கண்ணாடி போட்ட சின்ன வெண்கலக் கூட்டுக்குள், சிவப்புப் பட்டுத் துணி மேல் ஒட்டி, பின்னால் அரக்கு முத்திரை வைத்திருக்கும்.

யாருக்காவது சீக்கு முற்றினாலும், பிரசவம் சிக்கலானாலும் அதை வாங்கிக்கொண்டு போவார்கள். சீக்காளியின் மேல் வைத்து, ஆண்டவருடைய பாடுகளின் பிரார்த்தனை சொல்வார்கள். ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. யார் தந்தார்கள்? இவரும் வாய் திறந்து கேட்க மாட்டார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த மிக்கேல் அண்ணாச்சி, தன் தாயாருக்குப் பக்கவாதம் என்று சித்திரையில் வாங்கிப் போனவர், ஆனி பிறந்தும் ஆளைக் காணோம்.

"மக பிரசவத்துக்கு வந்திருக்கா. ஒரு எட்டு போயி வாங்கிட்டு வாங்களேன்" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

"அவுகளே கொண்டு வருவாக. சீக்காளி வீட்ல போயி எப்படிட்டி கேக்கது?" என்பார். ஊருக்கெல்லாம் நல்லவர். வீட்டுக்கு மட்டும் என்ன செய்வது?

வியாழக்கிழமை விடியக் காலையில் லூர்துக்கு வலி எடுத்தது. வெள்ளிக்கிழமை காலையில் மருத்துவச்சி இசக்கியம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிள்ள குறுக்க கிடக்கு. இனி என் கையில ஒண்ணும் இல்ல. வயித்தக் கீறித்தான் எடுக்கணும். பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க. சுணங்காதிய."

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அருளிக்கம் வந்துரட்டும். அத அவ மேல வச்சி ஒரு பிரார்த்தனை சொல்லிட்டுக் கிளம்புவோம். மிக்கேல் அண்ணாச்சிக்குச் சீட்டு எழுதி பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விட்ருக்கேன்."

"என்ன பேசுதிய நீங்க? அவ உயிரு போய்க்கிட்டிருக்கு!"

"அவசரப்படாத. அந்த மரம் ஆண்டவரத் தாங்கின மரம்."

கூட இருந்த பெண்களும் "பொறுங்கக்கா, இப்போ வந்துரும்" என்றார்கள். பொறுப்பதாம்! யார் மகள் கிடக்கிறாள்?

நானே முக்காட்டைப் போட்டுக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். ஒரு வாடகைக் கார் இல்லை. சீசன் நேரம். அத்தனை காரும் குளிக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்விட்டன. காலை ரயிலும் போயாயிற்று. சாரல் முகத்தில் அடித்தது. அருவியில் நல்ல தண்ணீர் விழுகிறது என்று ஊரே சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்து அடுப்படிக்குள் போய் நின்றேன். சுவரில் வியாகுல மாதா படம். முழங்காலில் விழவில்லை, கை கூப்பவுமில்லை. நின்றபடியே சண்டை போட்டேன்.

"தாயே, உன் பிள்ள அந்த மரத்துல தொங்கும்போது நீ கீழதான நின்ன? அந்த மரத்துக்கா முத்தம் குடுத்த? 'யாராவது என் பிள்ளய இறக்கித் தாங்க'ன்னுதான உன் வயிறு கதறியிருக்கும்? எனக்கு மரம் வேண்டாம். என் பிள்ளய இறக்கித் தா."

சொன்ன பிறகு பயம் வந்தது. உபதேசியார் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது? அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் லாரிச் சத்தம். மிக்கேல் அண்ணாச்சி இறங்கி வந்தார். பெண்களெல்லாம் "சேசுவே, வந்துட்டு!" என்று கும்பிட்டார்கள். இவர் ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினார்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "உபதேசியாரே, கொல்லத்துக்கு லோடு போகுது. போற வழியில ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னு இறங்கினேன். அம்ம அருளிக்கத்தக் கைய விட்டு எடுக்க விட மாட்டேங்கா. இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே?"

"அப்போ நீங்க கொண்டுட்டு வரலையா? என் சீட்டு?"

"எந்தச் சீட்டு?"

என் வீட்டுக்காரர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "இனி என்ன செய்ய? ஆண்டவர் சித்தம் எதுன்னு தெரியலியே" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "ஆண்டவர் சித்தம் வாசல்ல எஞ்சின் ஓடிக்கிட்டு நிக்கி! எந்திரிச்சி மகளத் தூக்குங்க!"

அண்ணாச்சி பதறினார். "ஏக்கா, லாரி செங்கோட்டைப் பக்கம்லா போகணும்! சந்த தவறிரும்."

"அண்ணாச்சி, உங்க அம்மைக்கு நாங்க அருளிக்கத்தத் தந்தோம். என் மகளுக்கு நீங்க லாரியத் தாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. அதற்குள் டிரைவர் இறங்கிப் பின்பலகையைத் திறந்து மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ண ஆரம்பித்திருந்தார். அண்ணாச்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட ஏறினார்.

எலுமிச்சை மூட்டை மேல் மெத்தையைப் போட்டு லூர்தைப் படுக்கவைத்தோம். பக்கத்தில் இசக்கியம்மா. இவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். லாரி திருநெல்வேலி ரோட்டுக்குத் திரும்பியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆலங்குளம் தாண்டும்போது சாரல் இல்லை, சுள்ளென்று வெயில். லூர்து "யம்மா, முடியலம்மா" என்றாள். இவர் பாடுகளின் பிரார்த்தனையைத் தொடங்கினார். இரண்டு நாளாக இவரோடு சேர்ந்து ஒரு செபமும் சொல்லாத நான், அன்றைக்கு ஒவ்வொரு வரிக்கும் "எங்கள் மேல் தயவாயிரும்" என்று பதில் சொன்னேன். சண்டையெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் உடனே ஆபரேஷன். ஆண் குழந்தை. அழுதது. ஆனால் லூர்துக்கு இரத்தம் நிறையப் போய்விட்டது, யாராவது கொடுக்க வேண்டும் என்றார்கள். பரிசோதித்ததில் இவருடைய இரத்தம்தான் சேர்ந்தது. ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற மனுஷன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க டாக்டர்" என்றார். வாசல்படியில் உட்கார்ந்த ஆளா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்தது.

மறுநாள் காலையில் லூர்து கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். என் மடியில் அவள் தலையைத் தூக்கி வைத்து, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அப்போதுதான் நினைத்தேன். மாதாவின் மடிக்கு மகன் சடலமாகத்தான் இறங்கி வந்தார். எனக்கோ என் மகளை மாதா உயிரோடு இறக்கித் தந்திருக்கிறாள். நான் பேசின பேச்சுக்கெல்லாம் இதுதான் அவள் பதில். வாய்விட்டு அழுதேன். நர்ஸ் வந்து அதட்டினாள்.

அருளிக்கம் அந்த ஐப்பசியில்தான் திரும்பி வந்தது. மிக்கேல் அண்ணாச்சியின் தாயார் அதைப் பிடித்தபடியே கண்ணை மூடினார்களாம். லூர்து பிழைத்த பிறகு அதைத் திருப்பித் தரும்படி நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த அம்மாளும் வேதனையில் கிடந்தவள்தானே.

இந்த ஏழு வருஷமாக எங்கள் வீட்டில் ஒரே சட்டம். அருளிக்கம் கேட்டு யார் வந்தாலும் முதலில் நான்தான் கேட்பேன்: "வண்டி பேசியாச்சா? டாக்டர் பாத்தாச்சா?" சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என் வீட்டுக்காரர் அருளிக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே வந்துவிடுவார். செபிக்க வரவில்லை, கோபம்தான் வருகிறதா? கோபத்தோடேயே கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசலில் உதவியாக எது வந்து நின்றாலும் அதை நழுவ விட்டுவிடாதீர்கள்.

லூர்து இப்போது இரண்டாவது பிள்ளையையும் பெற்று, இங்கேதான் வந்திருக்கிறாள். நான் இதை எழுதுவது தெரிந்து, "யம்மா, என் பேறுகாலக் கதைய ஊருக்கெல்லாம் எதுக்கு எழுதுத? உனக்கு வேற சோலி இல்லியா?" என்று அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறாள். கத்தட்டும். அந்தச் சத்தம் என் வீட்டில் கேட்கிறதே, சேசுவே, உமக்குத் தோத்திரம்.