தேத்தண்ணிக்காரியின் பாட்டில் காப்பி

ஸ்ரீரங்கத்தில் காலை வேளையில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று விசாரிப்பதில்லை. "காப்பி ஆச்சோ?" என்றுதான் கேட்கிறார்கள். ஆச்சு என்றால் சௌக்கியம். ஆகவில்லை என்றால் வீட்டில் ஏதோ கோளாறு. இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல்தான் நான் இங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டின் முன்கட்டில் இன்ஸ்டிட்யூட், பின்கட்டில் அதை நடத்தும் மாமியின் குடித்தனம். முதல் நாள் காலை மாமி என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இல்லங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றேன். டீயைத்தான் சொன்னேன்.

"தேத்தாங்கொட்டைத் தண்ணியா? வெறும் வயத்துலயா? வயத்துக்கு ஏதாவது பண்றதா?"

காவிரியில் புதுத் தண்ணீர் கலங்கலாக வரும்போது, பானையில் உரைத்துத் தெளிய வைக்கும் கொட்டைதான் தேத்தாங்கொட்டை என்று எனக்கு அப்போது தெரியாது. பெரியவர் கேட்கிறாரே என்று மரியாதைக்கு "ஆமாங்க" என்று சொல்லிவைத்தேன். அன்று பொழுது சாயும்வரை மாமி எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இலங்கை மலையில், அட்டன் பக்கத்துத் தோட்ட லயங்களில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் பெண்களே, நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். கப்பலேறி வந்து இங்கே முகாம்களிலும் மில்களிலும் கிடக்கும் நம்மவர்கள் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுத்த கூட்டம் நாம். 'தாயகம் திரும்புகிறீர்கள்' என்று சொல்லி நம்மை எங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்? தேத்தண்ணி என்றால் கொட்டைத் தண்ணியா என்று கேட்கும் ஊரில்!

அங்கே நாம் குடித்ததும் ஒன்றும் ராஜபோகம் இல்லை. கொழுந்து நாம் பறித்தது, நல்ல தூள் கப்பலில் போனது, கழிவுத் தூள் நமக்கு வந்தது. அதையும் கேத்தலில் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வாயாகக் குடிப்போம். பால் எங்கே கண்டோம்? வடிகட்டியில் நின்ற சக்கையை அம்மா மறுபடியும் கேத்தலிலேயே போடுவாள். சாயம் இறங்குகிறவரை அதற்கு விடுதலை கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், குளிரில் ஒடுங்கி உட்கார்ந்து குடித்த அந்தத் தேத்தண்ணிக்கு நிகராக இந்த ஊரில் நான் இன்னும் ஒன்றையும் குடிக்கவில்லை.

அப்படிப்பட்ட நான்தான் பாட்டில் காப்பியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்ஸ்டன்ட் காப்பி என்று இங்கே சொல்லுகிறார்கள். எனக்கு அதன்மேல் பெரிய காதல். அது வந்த கதையைச் சொன்னால்தான் புரியும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் வந்து சேர்ந்தபோது நானும் அப்பாவும்தான். அம்மா அங்கேயே செத்துப்போய்விட்டாள். திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு வெங்காய மண்டியில் வாட்ச்மேன் வேலை. மார்க்கெட்டில் அவருக்குப் பெயர் கிடையாது. "சிலோன்காரர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள், நடுக்கடலில் இறக்கிவிட்டிருந்தால்தான் நம்மைச் சரியாகக் கூப்பிட்டிருப்பார்கள் போல என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். ஆனால் அவர் மனசுக்குள் ஒரே ஓர் ஆசை இருந்தது. தாத்தா சிறு வயதில் வையம்பட்டி பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் போனவர். அவருடைய அண்ணன் வீட்டு வாரிசுகள் இன்னும் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். குலதெய்வக் கோவிலில் மாசி மாதம் சாமி கும்பிடும்போது பங்காளிகள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு என்று கணக்காகி வரி கொடுப்பார்கள். அந்த வரியை யாராவது தன்னிடம் கேட்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை. ஊரில் எல்லாரும் வரி என்றால் ஓடி ஒளிவார்கள், அப்பா வரி கேட்க ஆளில்லையே என்று ஏங்கினார்.

விலாசம் விசாரித்து அவர் போட்ட கார்டுகளில் ஒன்றுக்குக் கடைசியில் பதில் வந்தது. அப்பாவுக்கு அண்ணன் முறையாகும் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான். அம்மா போன பிறகு அப்பாவைத் தவிர எனக்குச் சொந்தம் என்று யாரும் இருக்கவில்லை. பெரியம்மா என்ற சொல்லைச் சும்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"புள்ள, இந்த ஊர்ல மதிக்கிற ஆளுக்குக் காப்பிதான் குடுப்பாங்க. தேத்தண்ணி குடுத்தா கடைக்கு வந்தவன மாதிரி நெனச்சிடுவாங்க" என்றார் அப்பா. பில்டரும் டிகாக்ஷனும் எங்களுக்கு ஏது? மறுநாள் ஒரு பாட்டிலோடு வந்தார். கண்ணாடி பாட்டில், கையடக்கமாக. மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் குத்தியதும் குபீரென்று ஒரு வாசனை வந்தது பாருங்கள், வெங்காய வாடையிலேயே வாழ்ந்த அந்த அறை ஒரு நொடியில் பெரிய மனிதர் வீடாகிவிட்டது. நானும் அப்பாவும் மாற்றி மாற்றி முகர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களைப் பாயில் உட்கார வைத்தோம். பெரியப்பா வெள்ளை வேட்டியும் துண்டுமாக, அப்பாவின் மூக்கை அப்படியே ஒட்டவைத்த முகத்தோடு இருந்தார். பெரியம்மா சுவரையும் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு எடுபடவில்லை. பஸ்ஸில் கூட்டமா என்று அப்பா கேட்டார். கூட்டம்தான் என்றார் பெரியப்பா. நான் அடுப்பங்கரை மூலைக்குப் போனேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன். கேத்தலில் தண்ணீர் கொதித்ததும் பாட்டில் தூளை நாலு கரண்டி போட்டு இன்னும் நன்றாகக் கொதிக்கவிட்டேன். பிறகு வடிகட்டியைப் பிடித்து டம்ளரில் ஊற்றினேன். வடிகட்டியில் ஒன்றுமே நிற்கவில்லை. தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சக்கையே இல்லாத ஒரு பொருளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில், இன்னொரு டம்ளரையும் வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தேன். பிறகு ஒரு தட்டில் சீனி வைத்து, இரண்டு டம்ளர் கறுப்புக் காப்பியைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் பெருமையாக வைத்தேன்.

பெரியம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் மெதுவாக.

எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் முகம் செத்துப்போனது. இங்கே பால் விடாத கடுங்காப்பியைக் கேத வீட்டில்தான் கொடுப்பார்கள் என்று மார்க்கெட்டில் அவர் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார். முதல்முதலாக வீடு தேடி வந்த சொந்தத்துக்குச் சாவுக் காப்பியைக் கொடுத்துவிட்டேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது" என்று அப்பா எழுந்தே விட்டார். பெரியம்மாவும் முந்தானையை இழுத்துச் செருகினார். கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பெரியப்பா மட்டும் அசையவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா செத்து எத்தன வருசம் இருக்கும்?" என்று என் தாத்தாவைப் பற்றிக் கேட்டார்.

"ஏழெட்டு வருசம் இருக்குண்ணே."

"எங்க பொதச்சீங்க?"

"மலையிலதான். பொறவு மேலேயே தேயிலை வச்சிட்டாங்க."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன் கார்டு வந்துதான் எங்களுக்குச் சேதியே தெரியும். பங்காளி செத்திருக்கான், நாங்க தலைக்குத் தண்ணி ஊத்திக்கல. ஒரு வார்த்த துக்கங் கேக்கல. அந்தக் கேதம் அப்படியே நின்னுபோச்சு" என்றார். பிறகு டம்ளரை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "குடி. புள்ள சரியாத்தான் குடுத்திருக்கு."

இருவரும் குடித்தார்கள். கசப்பு தாங்காமல் பெரியம்மாவுக்கு முகம் கோணியது. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்ததும் பெரியம்மா அழ ஆரம்பித்தார். பார்த்தே இராத சின்ன மாமனாருக்காக, முறைப்படி, ராகம் போட்டு. அப்பா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் விசும்பினார். தாத்தா செத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அங்கே அவரோடு சேர்ந்து அழப் பங்காளி என்று ஆளில்லை.

அழுது முடித்ததும் பெரியம்மா மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தார். "கேதங் கேட்டாச்சு. இனி நல்ல காரியம் பேசணும்ல. போயி ஒரு டம்ளர் பால் வாங்கிட்டு வா ஆத்தா. கேத்தல்ல இருக்குறதுலயே ஊத்திக் கலந்து குடு."

தெருமுனை டீக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர், "என்னம்மா, டீக்குப் பாலா?" என்றார்.

"இல்லங்க. காப்பிக்கு. எங்க பெரியப்பா வந்திருக்காரு" என்றேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பேன், பால் ஆறிவிடுமே என்றுதான் விட்டேன்.

இரண்டாவது டம்ளர் குடித்துக்கொண்டே பெரியப்பா கேட்டார், "மாசிக்குச் சாமி கும்புடுறோம். உன் தலைக்கட்டு வரிய இப்பவே குடுக்குறியா, வந்து குடுக்குறியா?" அப்பா உடனே ட்ரங்குப் பெட்டியைத் திறக்க எழுந்தார். சாவி கையில் இருக்கும்போதே சாவியைத் தேடினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ காப்பி குடித்தாயிற்று. மாமி வீட்டுக் காப்பி மணமானது, ஒத்துக்கொள்கிறேன். மாமி அன்பானவர், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கான டம்ளர் மட்டும் ஜன்னல் திட்டில் தனியாக இருக்கும், நானே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அந்தக் காப்பிக்குக் கொட்டை வறுக்கிற பக்குவம் வேண்டும், அரைக்கிற பக்குவம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வீட்டில் பிறந்திருக்க வேண்டும். பாட்டில் காப்பி யாரையும் எதுவும் கேட்காது. வெந்நீர் இருந்தால் போதும். யார் கலந்தாலும் அதே ருசிதான், நேற்று வந்தவள் கலந்தாலும் அதே ருசிதான். தேயிலைக்காரியின் அபிப்பிராயம் இதுதான்.

இன்ஸ்டிட்யூட்டில் என் மேஜை டிராயரிலும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். ஒருநாள் மாமி வீட்டில் திடீரென்று விருந்தாளிகள். டிகாக்ஷன் இறங்க மறுத்தது. மாமி மெல்ல என் மேஜைக்கு வந்து, "உன் பாட்டில்லேர்ந்து மூணு ஸ்பூன் குடேன். யார்ட்டயும் சொல்லிடாதே" என்றார். கொடுத்தேன். விருந்தாளிகள் பேஷ் பேஷ் என்றார்கள். மாமி இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

இப்போதும் காலையில் எழுந்ததும் எனக்கான காப்பியை வடிகட்டியில்தான் ஊற்றுகிறேன். ஒன்றும் நிற்காது என்று தெரியும், கை கேட்பதில்லை. பாதி டம்ளரைக் கறுப்பாகவே, உள்ளங்கையில் சீனி வைத்துக் குடிக்கிறேன். அது மலையில் தேயிலைக்குக் கீழே படுத்திருப்பவர்களுக்கு. மீதிப் பாதியில் பால் ஊற்றுகிறேன். பிறகு பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறேன். மாமி வாசலிலேயே நின்று கேட்கிறார்.

"காப்பி ஆச்சோ?"

"ரெண்டும் ஆச்சு மாமி."

"கார்த்தாலயே ரெண்டா? உடம்பு சூடாயிடும்டி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், மாமி எனக்கு மோர் கொண்டு வருகிறார்.