நல்லையாவுக்காகப் பேசியவள்

சுகிர்தம் தன் புருஷன் நல்லையாவோடு ஒன்பது வருஷம் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டாள். அந்தச் சண்டையில் அவள் வீசிய சொற்களையெல்லாம், அவர் இறந்த மறுநாள் வேறு ஆட்கள் அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து சொன்னார்கள். காது கொடுத்துக் கேட்கும்போதுதான் அவை எப்படிப்பட்ட சொற்கள் என்று அவளுக்கு உறைத்தது.

நல்லையா துறைமுகத்துக் குடும்பத்தில் பிறந்தவர். ரங்கூனில் அலோன் துறையில் ஒரு சரக்குக் கிடங்கின் மேஸ்திரியாக முப்பது வருஷம் இருந்தார். பிறந்தது இந்து வீடு. சுகிர்தத்தைக் கட்டுவதற்காக அவளுடைய அப்பா காலத்துத் தமிழ்ச் சபையில் ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவர் ஆனார். எதையும் ஒப்புக்குச் செய்கிறவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவார். பாட்டு வராது, ஆனாலும் பாடுவார்.

கல்யாணமாகி நாலாம் வருஷம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்தார்கள். புதன்கிழமையே அது கண்ணை மூடிவிட்டது. சபைக் கல்லறையில் மதிலோரமாகப் புதைத்தார்கள். அன்று மாலையே நல்லையா அப்போதிருந்த பாஸ்டரிடம் போய், தண்ணீர் படாமல் போன பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்டார். அந்தப் பாஸ்டர் நல்ல மனுஷர்தான். ஆனால், நமக்குச் சொல்லப்படாததைக் கேட்கக் கூடாது, கர்த்தரிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்லையா திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சும் இல்லை. பதினெட்டு வருஷம் போனது.

அப்புறம்தான் அந்த இங்கிலீஷ் வகுப்பு. கிடங்குக்கு வெளிநாட்டுக் காகிதங்கள் வரத் தொடங்கியிருந்த காலம். நகரத்தின் நடுவே கியாக்டடா பக்கம் இலவசமாக இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நல்லையா போனார். சொல்லித் தந்தவர்கள் வயதான ஓர் அமெரிக்கத் தம்பதி. மார்மன் சபைக்காரர்கள். ஒரு நாள் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஆளுக்கு நாலு வாக்கியம் பேச வேண்டியிருந்தது. நல்லையா தனக்கு ஒரு மகன் என்றார், வயது பதினொரு நாள் என்றார். வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா அவரை உட்காரவைத்து, சிறு குழந்தைக்கு ஞானஸ்நானமே வேண்டாம், அதற்குப் பாவமே கிடையாது, அது கடவுளிடம் பத்திரமாக இருக்கிறது என்று எங்கள் சபை நம்புகிறது என்று சொன்னாள். புருஷன், பெண்சாதி, பிள்ளை என்ற கட்டு சாவோடு அறுந்துபோவதில்லை என்றும் சொன்னாள்.

அன்று நல்லையா வீட்டுக்கு வந்து அழுதார். எதற்கென்று சுகிர்தத்துக்குப் புரியவில்லை. ஆறு மாதத்தில் அவர் அந்தச் சபையில் சேர்ந்துவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. ஊர் என்ன சொன்னதோ அதையே சுகிர்தமும் சொன்னாள். அவர்கள் நாலைந்து பெண்டாட்டி கட்டுகிறவர்கள், இயேசுவை விட்டவர்கள், வேதத்தைத் தள்ளிவிட்டு வேறு புத்தகம் வைத்திருக்கிறவர்கள், செத்தவர்களை இழுத்துத் தங்கள் மதத்தில் சேர்க்கிறவர்கள் என்றாள். நல்லையா சத்தம் போட்டதே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவார். நாலைந்து பெண்டாட்டி விஷயத்துக்கு மட்டும், "ஒருத்திக்கே என்னால பதில் சொல்லி முடியல" என்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

அந்தச் சபையில் தேநீர் கூடாது என்று அதை அவர் விட்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் குத்தியது. ரங்கூனில் தேநீர்க் கடையில் உட்காராத ஆம்பிளை யார்? பேச்சும் வம்பும் வேலை விசாரிப்பும் எல்லாம் அங்கேதான். பாலும் சீனியும் போட்ட ‘லப்பெயே’ தேநீர் வேண்டாம் என்றார், மேசையில் சும்மா வைக்கிற பச்சைத் தேநீரும் வேண்டாம் என்றார். கிடங்குக் கூட்டாளிகள் முதலில் வியாதி என்று நினைத்தார்கள், பிறகு கர்வம் என்று நினைத்தார்கள், அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். சாயங்காலங்களில் அவர் வீட்டிலேயே வெந்நீர் குடித்தபடி உட்கார்ந்திருப்பார். சுகிர்தம் வேண்டுமென்றே அவர் எதிரில் தேநீர் ஆற்றிக் குடிப்பாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாங்காக்கில் அவர்களுடைய ஆலயம் திறந்தது என்று தெரிந்த வருஷம், அவர் ஒரே ஒரு தடவை அவளிடம் கேட்டார். அந்த ஆலயத்தில்தான் புருஷன் பெண்சாதியை நித்தியத்துக்கும் சேர்த்துவைக்கிற சடங்கு நடக்கும், மகனையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நீயும் சபையில் இருக்க வேண்டும் என்றார். நான் எங்க அப்பா சபையில்தான் சாவேன் என்று சுகிர்தம் சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டினார். பாஸ்போர்ட்டுக்காக எடுத்து வைத்திருந்த தன் போட்டோவை மடித்த துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அப்புறம் கேட்கவே இல்லை.

மறு வருஷம் ஆனி மாதத்து மழையில் ஒரு காலையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்ஸியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அறுபத்து மூன்று வயது.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு வந்தவர்கள் நாலு பேர். இப்போதைய பாஸ்டர், மூப்பர்கள் இருவர், சுகிர்தத்தின் அண்ணன் தேவராஜ். தேவராஜ்தான் சபைக் கமிட்டியின் செயலாளர். மகனுடைய குழிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே அவரை வைக்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருந்தார்கள்.

பாஸ்டர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். சபையார் மட்டுமே அங்கே அடக்கம் என்பது பழைய விதி. நல்லையா சபையை விட்டுப் போனவர். வேறொரு கிறிஸ்தவ சபைக்குப் போயிருந்தாலாவது கமிட்டியில் பேசிப் பார்க்கலாம். இவர் போனது கிறிஸ்தவமே இல்லையே என்றார்.

சுகிர்தம் வாயைத் திறக்கும் எண்ணத்தில் இல்லை. பாஸ்டர் வந்தால் தேநீர் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பதுதான் அவள் வழக்கம். ஆனால் மூத்த மூப்பர் அந்தப் பல பெண்டாட்டிப் பேச்சை எடுத்தார். நல்லையா முப்பத்திரண்டு வருஷம் அவள் ஒருத்தியோடு வாழ்ந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எடுத்தார்.

"அத அவங்க சபை விட்டு நூத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுங்கய்யா," என்றாள் சுகிர்தம். "இப்ப யாராச்சும் ரெண்டு கட்டினா வெளிய தள்ளிடுவாங்க. நானும் அவர இதே கேள்வி கேட்டவதான்."

அப்படிச் சொன்னபோது அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. நல்லையா சொன்னபோதெல்லாம் கேட்காதது போல் பாத்திரம் தேய்த்தவள்தான். அத்தனையும் ஒரு வரி விடாமல் அவளுக்குள் கிடந்திருக்கிறது.

இயேசு பேச்சு வந்தது. அந்தச் சபையின் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறார், என் புருஷன் செய்த ஒவ்வொரு ஜெபமும் அந்த நாமத்தில்தான் முடிந்தது என்றாள். பிதா, குமாரன், ஆவி மூன்றும் ஒன்று என்று நாம் சொல்லுகிறபடி அவர்கள் சொல்வதில்லை, தனித்தனி என்கிறார்கள், அது நிஜம், அதை நான் மறைக்கவில்லை என்றும் சொன்னாள். இன்னொரு புத்தகம் என்றபோது உள்ளே போய், கல்யாணத்தன்று இந்தச் சபை அவருக்குக் கொடுத்த வேதத்தை எடுத்து வந்து பாஸ்டர் மடியில் வைத்தாள். ஓரமெல்லாம் தேய்ந்து, முதுகில் பசைத்தாள் ஒட்டியிருந்தது. அவர் ஒரு புத்தகத்தைக் கூட்டிக்கொண்டார், இதைத் தள்ளவில்லை என்றாள்.

இளைய மூப்பர் சிரித்தபடி, பிணத்துக்கு ஏதோ மந்திர உள்ளாடை போடுவார்களாமே என்றார். சுகிர்தத்துக்கு முகம் சிவந்தது. ஆலயத்துக்குப் போய் வாக்குக் கொடுத்தவர்கள்தான் அதைப் போடுவார்கள், இவர் போகவில்லை, நான்தான் போகவிடவில்லை என்றாள். மந்திரமும் இல்லை மாயமும் இல்லை. பாஸ்டர் ஐயா கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கிறாரே, அதுபோலக் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்துகிற துணி என்றாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

செத்தவர்களைச் சேர்ப்பதைப் பற்றியும் கேட்டார்கள். உயிரோடிருக்கிற ஒருவர் செத்தவருக்காகத் தண்ணீரில் இறங்குவார், அதை ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் இஷ்டம், யாரையும் பலவந்தம் பண்ணுவதில்லை என்று அவர் சொல்லுவார் என்றாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் நீங்கள் சொல்லுவதுபோல் இல்லை அது என்றாள்.

பாஸ்டர் வெகுநேரம் வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு தேவராஜைப் பார்த்தார். தேவராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். நல்லையா தம் கடைசி நேரத்தில் தவறை உணர்ந்து, மனைவியின் முன்னால் அறிக்கையிட்டு, தாய்ச்சபைக்குத் திரும்பினார் என்று அதில் இருந்தது. கீழே சுகிர்தம் கையெழுத்துப் போட வேண்டும்.

தேவராஜ் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கமிட்டியில் இரண்டு மணி நேரம் தங்கைக்காக வாதாடி, இந்த ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். டாக்ஸியில் நீயும் அவரும்தானே இருந்தீர்கள், யார் வந்து கேட்கப்போகிறார்கள், ஒரு கையெழுத்தில் அப்பனும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்றார்.

சுகிர்தம் காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் உட்கார்ந்தாள். மதிலோரத்தில் அந்தச் சின்னக் குழியும், அதற்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் காலியாகக் கிடக்கும் இடமும் கண்முன் வந்தன. வருஷா வருஷம் நல்லையா அங்கே புல் பிடுங்கும்போது அந்தக் காலி இடத்தில்தான் குந்துவார். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு அதை மூடி வைத்துவிட்டாள்.

வந்து காகிதத்தை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"டாக்ஸில அவரு ஒண்ணுதாண்ணே சொன்னாரு. மழை வருது, ஜன்னல மூடினியான்னு கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல."

"சுகிர்தம், யோசிச்சுக்கம்மா. அப்புறம் மாத்த முடியாது."

"உசிரோட இருக்கறப்ப அவரு சொன்னத நான் ஒரு நாளும் ஒத்துக்கல. செத்தப்புறம் அவரு சொல்லாதத சொன்னாருன்னு எப்படிண்ணே எழுதுவேன்?"

பாஸ்டர் எழுந்து நின்று ஜெபம் செய்தார். பிறகு நாலு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

நல்லையாவை ஊரின் வடகோடியில், மிங்கலாடோனையும் தாண்டி, நகரசபை இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அவருடைய சபையிலிருந்து பதினேழு பேர் வந்தார்கள். பர்மியர், கரேன், சின் ஜனங்கள். தமிழர் ஒருவரும் இல்லை. பர்மியப் பாஷையில் பாடினார்கள். அந்தச் சபையின் ரங்கூன் கிளைக்குத் தலைவர் ஊ சோ மின் என்கிற பள்ளிக்கூட வாத்தியார், எல்லோருக்கும் ஸயா. உயிர்த்தெழும் நாள் வரைக்கும் இந்தக் குழி கலையாமல் இருக்க வேண்டும் என்று அவர் நின்று ஜெபித்தார். தேவராஜ் தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே வரவில்லை.

எல்லாம் முடிந்தபின் சுகிர்தம் ஊ சோ மின்னிடம், உங்கள் நம்பிக்கைப்படி இவர் இப்போது மகனைப் பார்த்திருப்பாரா என்று பர்மியத்தில் கேட்டாள். பார்த்திருப்பார் என்றுதான் நம்புகிறோம் என்றார் அவர். மூன்று பேரையும் சேர்க்கிற சடங்கை இனிமேலும் செய்யலாம், அது உங்கள் விருப்பம், ஒருநாளும் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்றும் சொன்னார்.

"எனக்கு நம்பிக்கை வரல, ஸயா. வந்தா சந்தோஷமாத்தான் இருக்கும்," என்றாள் அவள்.

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவள் அதை நன்றியோடு நினைத்துக்கொண்டாள்.

சுகிர்தம் இன்றும் அப்பா காலத்துச் சபைக்குத்தான் போகிறாள். பின்பெஞ்சில் உட்காருகிறாள். அவளும் மார்மனாகிவிட்டாள், அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை என்று பெண்கள் நடுவில் பேச்சு. கேட்டால் இல்லை என்கிறாள். கேட்காதவர்களிடம் எதுவும் சொல்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மகனுடைய குழிக்குப் போவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வடக்கே புருஷனிடம் போவாள். முழங்கால் வலி கண்டபின் அந்தப் பயணம் கஷ்டமாகிவிட்டது. இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போக முடியாது.

அடுத்த மழைக்காலத்தில் நல்லையாவின் குழியில் மண் உள்வாங்கிவிட்டது. மண் போட ஆள் கிடைக்கவில்லை. விஷயம் எப்படியோ தெரிந்து, தேவராஜ் ஒரு மண்வெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார். அங்கே போனதும் அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணை அள்ளிப் போட்டுச் சமன்படுத்தினார். அறுபத்தேழு வயது மனுஷர், மூச்சு வாங்கியது. வேலை முடிந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"நம்ம சபை எடத்துல வெச்சிருக்கணும்," என்றார்.

சுகிர்தம் தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த ஈர மண்ணை வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.