தோலுன்னா தோலுதானே

தாராவியில் எங்கள் வீட்டுக்குள் தோல் வாடை எப்போதும் இருக்கும். வாப்பாவுக்குத் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. அவர் சட்டையில், தலையணையில், ஏன், சோற்றில்கூட அந்த நாற்றம்தான். எண்பதுகளின் நடுவில் எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். நான் கறுப்பு. வந்தவர்களெல்லாம் பிரியாணியை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, ‘பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி’ என்று கை கழுவிவிட்டுப் போனார்கள். தூ.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது வாப்பா பட்டறைக் கதை சொன்னார். “பால் புளிச்சா வருமே, அந்த ஆசிட்டாம். சுண்ணாம்பு ஏறி வெறச்சுக் கெடக்கிற தோலுல ஊத்துனா பஞ்சு மாதிரி ஆயிருது. அழுக்கெல்லாம் கழண்டுருது.” அவர் சொன்னது ஆட்டுத் தோலை. பக்கத்தில் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்த சாச்சிக்கு, வாப்பாவின் தம்பி பெண்டாட்டிக்கு, பாலும் தோலும் மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

வடாலாவிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. சாச்சாவுக்கும் அதே பட்டறைதான். பித்தளை விளக்கணும் என்று அவரிடம் சொல்லி, தேங்காயெண்ணெய் பாட்டிலில் அந்த ஆசிட்டை வரவழைத்துவிட்டாள் சாச்சி.

“தயிர் பூசுனா மூஞ்சி பளிச்சுன்னு ஆவுதுல்ல? இது அதோட சத்து, ஏளா.”

“சாச்சி, இது ஆட்டுத் தோலுக்கு.”

“தோலுன்னா தோலுதானே!”

பஞ்சில் தொட்டுப் பூசினாள். முதலில் குறுகுறுவென்றது. அப்புறம் தீ. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், பாவி. கழுவியபோது கன்னம் சாம்பல் பூத்திருந்தது. மறுநாள் பழுப்பேறி, வெடித்து, ஓரமெல்லாம் சுருண்டது. அடியிலிருந்து மஞ்சளாக நீர் கசிந்து தலையணை உறையில் ஒட்டிக்கொள்ளும். காலையில் முகத்தைப் பிய்த்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். சோற்றுத் தட்டில் என் தோலே செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது.

கிங்ஸ் சர்க்கிள் டாக்டர் இந்தியில் கத்தினார். மேலே செத்துப்போன தோலோடு நல்ல தோலையும் எரித்துவிட்டீர்கள், அடியிலிருந்து வருகிற புதுசு வெயில் தாங்காது, வெளியே போகாதே என்றார். நான் போகாவிட்டால் குழாயடியில் யார் நிற்பது? அவரா?

பொருக்கெல்லாம் உதிர்ந்து, ரோஸ் நிறத்தில் பளபளவென்று புதுத் தோல் தெரிந்த சமயத்தில்தான் வடாலாக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா என் முகவாயை நிமிர்த்திப் பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்ல கலரு” என்றாள். வெந்து ஆறின புண்ணைப் பார்த்து! சம்பந்தம் முடிவாகிவிட்டது. சாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. என் உம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

குழாயடி வெயில் சும்மா இருக்குமா? கொஞ்ச நாளில் இரண்டு கன்னத்திலும் திட்டுத் திட்டாக, முன்னைவிடக் கறுப்பாக ஏறிவிட்டது. நிக்காஹ் புடவையைக் காட்ட வந்த மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

“என்னது, மூஞ்சில அழுக்கு?”

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த எச்சிலோடு என் கன்னத்தைத் தேய்த்தாள். போகவில்லை. திரும்ப எச்சில், திரும்பத் தேய்ப்பு. வெற்றிலை நாற்றம். சீ, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. உம்மா தரையைப் பார்த்தாள். இதுவும் முறிந்தால் இனி ஒருத்தனும் வரமாட்டான் என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

விரல் மறுபடி வாய்க்குப் போனபோது அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

“அழுக்கு இல்ல மாமி, என் கலரு. எனக்கு இந்த நிக்காஹ் வேண்டாம். புடவைய எடுத்துட்டுப் போங்க.”

உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரியில் போய்க் குந்தி, அந்த எச்சில் போக சோப்பைக் கன்னத்தில் போட்டு அழுத்தித் தேய்த்தேன். பின்னால் வாப்பா வந்து நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார்.

“மெதுவா கழுவு, மவளே. உனக்கு வலிக்கும்.”